ஞானத்தகப்பன் நிற்காத பிள்ளை

ஜப்பான்காரன் காலம் என்று யாராவது பேச்செடுத்தால் நம் வயதுக்காரர்களுக்கு உடனே மரவள்ளிக்கிழங்கு ஞாபகம் வந்துவிடுகிறது. போன மாதம் மாதா கோவில் மண்டபத்தில் நடந்த நம் முதியோர் விருந்திலும் அதே கதைதான். கிழங்கை அவித்துத் தின்றோம், துருவிப் புட்டு வைத்தோம், இலையைக்கூட விடவில்லை என்று ஆளுக்கொரு பக்கம் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். பசியைப் பற்றிப் பேசும்போது ஏன் எல்லோருக்கும் இவ்வளவு சிரிப்பு வருகிறது என்று எனக்குப் புரிவதில்லை. எனக்கு அந்தக் காலம் என்றால் என் அப்பாதான் ஞாபகத்துக்கு வருவார். அவரை உங்களில் பலருக்குத் தெரியும். நாலு நல்ல வார்த்தை சொல்லப்போகிறேன் என்று எதிர்பார்ப்பவர்கள் நம் கோவில் மலரின் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்ததைப் படிக்கலாம்.

எனக்கு அப்போது பதினோரு வயது. ஈப்போவில் இருந்தோம். வெள்ளைக்காரன் இருந்தபோது அப்பா ஒரு ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா. ஜப்பான்காரன் வந்த பிறகும் அதே ஆபீஸ், அதே நாற்காலி, சுவரில் இருந்த படம் மட்டும்தான் மாறியது. சயாமில் அந்த மரண ரயில் பாதை போடத் தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்து அனுப்பினார்களே, அந்தப் பெயர்ப் பட்டியல்கள் அவர் மேசைக்குத்தான் வரும். தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று உத்தரவு போகும். தோட்டத்துப் பெரிய கிராணி பெயர்களை எழுதி அனுப்புவார். அப்பா அவற்றை அழகாகத் தட்டச்சு செய்து முத்திரை வாங்க மேலதிகாரிக்கு அனுப்புவார். அவர் சட்டைக் கையில் ஜப்பான்காரன் கொடுத்த ஒரு வெள்ளைத் துணிப் பட்டை கட்டியிருப்பார். வீட்டில் மற்ற எல்லாத் துணியையும் அம்மா துவைப்பாள், அந்தப் பட்டையை மட்டும் அப்பாவே துவைத்து, அப்பாவே காயப்போடுவார்.

அம்மாவின் தங்கை, அதாவது என் சித்தி, பாகான் செராய்க்கு இந்தப் பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்தில், ரப்பர்த் தோட்டத்தில், இருந்தாள். சித்தப்பா பால் எடுக்க மரத்தைக் கீறி வெட்டுகிறவர். அம்மாவின் கடைசித் தம்பி, பதினெட்டு வயது சின்ன மாமாவும் அவர்களோடு அதே லயத்து வரிசை வீட்டில் இருந்து மரம் வெட்டிக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு அந்தச் சம்பந்தம் தொடக்கத்திலிருந்தே பிடிக்கவில்லை. சித்தப்பாவைச் சகலை என்று அவர் வாய் நிறைய ஒருநாளும் சொன்னதில்லை, "உன் தங்கச்சி புருஷன்" என்றுதான் அம்மாவிடம் சொல்வார். சித்தப்பாவுக்கும் அப்பாவைக் கண்டால் ஆகாது. ஆனால் அந்த வருஷம் அவருக்கு அப்பா தேவைப்பட்டார்.

நடந்தது இதுதான். தோட்டத்துக்கு வந்த பங்கீட்டு அரிசியில் பெரிய கிராணி கைவைத்தார். சித்தப்பா எல்லார் முன்னாலும் அவரைக் கேட்டுவிட்டார். அடுத்து எழுதிய சயாம் பட்டியலில் முதல் பெயர் சித்தப்பாவுடையது. அந்தப் பட்டியல் இன்னும் ஈப்போவுக்கு வந்து சேரவில்லை. வந்தால் அப்பாவின் மேசைக்குத்தான் வரும். அதே சமயம் சித்திக்கு ஒரு ஆண் பிள்ளை பிறந்திருந்தது. அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்காமல் போயிருந்தன.

வழி கண்டுபிடித்தது அம்மாதான். ஒரு நாள் சாயங்காலம் கிழங்கு உரித்துக்கொண்டே பேச்சை ஆரம்பித்தாள்.

"ஏங்க, பிள்ளைக்கு நீங்கதான் ஞானத்தகப்பனா நிக்கணும்னு தங்கச்சி சொல்லி அனுப்பிருக்கா."

"யாரைக் கேட்டு சொல்லி அனுப்புனா?"

"என்னைக் கேட்டுத்தான். நான் சரின்னுட்டேன். தோட்டத்துல எல்லாருக்கும் சொல்லியாச்சாம்."

நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிள்ளையைக் கையில் ஏந்தி, அதற்காக விசுவாசப் பிரமாணம் சொல்லி, சாமியார் முன்னால் ஞானத்தகப்பனாக நிற்கிறவன், பெற்றவனுக்கு அடுத்த தகப்பன். பிள்ளையின் அப்பனுக்கு ஒன்று என்றால் அவன்தான் முன்னால் போய் நிற்க வேண்டும். அப்படி நின்றவனே பிள்ளையின் அப்பனைப் பிடித்துக் கொடுத்தான் என்றால் அவன் வீட்டில் பச்சைத் தண்ணீர் வாங்கிக் குடிக்க யாரும் வரமாட்டார்கள். அம்மா நேரே போய் "அந்தப் பேரை எடுத்துவிடுங்கள்" என்று கேட்டிருந்தால் அப்பா முடியாது என்றிருப்பார். ஞானத்தகப்பனாக நிற்க முடியாது என்று சொல்ல அவராலும் முடியாது. வருஷக்கணக்கில் கோவிலில் முன்வரிசையில் உட்கார்ந்து ஜெபம் சொல்லிக்கொடுக்கிறவர். அம்மா நன்றாகத்தான் கணக்குப் போட்டிருந்தாள்.

அப்பா குனிந்து செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா, "அங்க அரிசி இருக்குங்க. நல்ல அரிசி" என்றாள். அதற்குத்தான் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

பாரிட் புந்தாருக்குப் போய் ஆபீஸுக்கு அரிசி ஏற்றிவர ஒரு லோரி சனிக்கிழமை கிளம்பி ஞாயிறு திரும்பும். அதில் போய்வர அப்பா அனுமதிச் சீட்டு வாங்கிவிட்டார். பெட்ரோல் ஏது அப்போது? லோரிக்குப் பின்னால் ஒரு இரும்பு அடுப்பு வைத்து, அதில் கரியைப் போட்டு, அந்தப் புகையில்தான் வண்டி ஓடியது. அப்பா முன்னால் மலாய்க்கார டிரைவரோடு உட்கார்ந்தார். நானும் அம்மாவும் பின்னால் காலிச் சாக்குகள் மேல். கரிப்புகை மூக்கில் ஏறி, துப்பினால் எச்சில் கறுப்பாக வந்தது. அம்மாவின் மடியில் ஒரு துணிப்பை. அதில் சண்டைக்கு முன்னால் வாங்கின சோப்பில் பாதி, பத்திரப்படுத்தி வைத்திருந்த ஒரு மெழுகுவத்தி, அவளுடைய கல்யாண முக்காட்டை வெட்டித் தைத்த ஒரு குழந்தைச் சட்டை. சோப்பை அவ்வப்போது எடுத்து முகர்ந்து பார்க்க எனக்கு அனுமதி இருந்தது. அந்த வாசனையை அதற்குப் பிறகு எந்தச் சோப்பிலும் நான் பார்க்கவில்லை.

கோலகங்சார் பாலத்தில் ஜப்பான் சிப்பாய் நின்றான். எல்லாரும் இறங்கிக் குனிந்து வணக்கம் வைக்க வேண்டும். வைத்தோம். டிரைவர் தோளில் துண்டு கிடந்தது, அதை எடுக்க மறந்துவிட்டார். சிப்பாய் அவரை இரண்டு கன்னத்திலும் அறைந்தான். அப்பா முன்னே போய் இன்னும் ஒருமுறை ஆழமாகக் குனிந்து, தனக்குத் தெரிந்த ஜப்பான் பாஷையில் ஏதோ சொல்லிச் சிரித்தார். சிப்பாயும் சிரித்தான். நம் அப்பா எவ்வளவு பெரிய ஆள் என்று எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. அறை வாங்கிய டிரைவர் பாகான் செராய் வரை அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அது ஏன் என்று கேட்கத் தோன்றாத அளவுக்கு நான் முட்டாளாக இருந்தேன்.

தைப்பிங்குக்கு முன்னால் மலை ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. நானும் அம்மாவும் இறங்கித் தள்ளினோம். டிரைவரும் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே கீழே நின்று தள்ளினார். அப்பா இறங்கவில்லை. சட்டை அழுக்காகிவிடுமாம். மறுநாள் கோவிலில் போட வேண்டிய சட்டையாம்.

மத்தியானம் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். எங்களை இறக்கிவிட்டு லோரி பாரிட் புந்தாருக்குப் போய்விட்டது. பாதி மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு கிழங்கு போட்டிருந்தார்கள். மீதி மரங்களில் வெட்டு விழாமல் பழைய தழும்பு கறுத்துக் கிடந்தது. லயத்தைச் சுற்றி லாலான் புல் ஆள் உயரத்துக்கு நின்றது. சித்தப்பா வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு சடக்கு ரோடு வரைக்கும் வந்தார். "வாங்கண்ணே. வாங்கக்கா. வண்டியில ரொம்ப அலைச்சலா?" என்றார். அவர் அவ்வளவு பணிவாகப் பேசி நான் பார்த்ததில்லை. அப்பா தலையை ஆட்டிவிட்டு, உட்கார நாற்காலி இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்தார். இல்லை. ஒரு பலகையைத் துடைத்துப் போட்டார்கள்.

தொங்கவிட்டிருந்த ஏணையில் பிள்ளை கிடந்தது. கைப்பிடி அளவுதான் இருக்கும். மூக்கு அடைத்து, ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே கொர் கொர் என்று சத்தம் வந்தது. "சளிதான்க்கா, ரெண்டு நாளா. கற்பூரவள்ளி குடுத்திருக்கேன், இப்ப தேவல" என்றாள் சித்தி. அம்மா கொடுத்த சோப்பை முகர்ந்து பார்த்துவிட்டுச் சித்தி அழுதாள்.

சாப்பாடு போட்டார்கள். சோறு. கிழங்கு கலக்காத வெள்ளைச் சோறு. சித்தப்பாவும் சின்ன மாமாவும் ஓடையில் விரால் மீன் பிடித்து, வேலை நின்றுபோன புகைக்கூண்டில், ரப்பர்ப் பால் ஷீட் காயப்போடுகிற கம்பியிலேயே அதைத் தொங்கவிட்டுப் புகை போட்டு, நெல் போடுகிற மலாய்க்காரர்களிடம் கொடுத்து அரிசி வாங்கியிருந்தார்கள். அந்த மீனில் கித்தா வாடை அடித்தது. எனக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. அப்பா மூன்று முறை சோறு போட்டுக்கொண்டார். மூன்றாவது முறை சித்தப்பா மெல்ல ஆரம்பித்தார்.

"அண்ணே, அந்த லிஸ்ட் விசயம்..."

"சோறு திங்குற நேரத்துல ஆபீஸ் பேச்சு எதுக்கு தம்பி? நாளைக்கு முதல்ல கோவில் காரியம் முடியட்டும்லா."

"அதுவும் சரிதாண்ணே. கோவில் காரியம் முடியட்டும்" என்றார் சித்தப்பா. அவர் முகம் தெளிந்துவிட்டது. அம்மாவும் சித்தியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சாப்பிட்ட கை கழுவ அப்பா கிணற்றடிக்குப் போனார். தண்ணீர் மொண்டு ஊற்ற என்னைக் கூப்பிட்டார். அங்கே பேசியதை ஒரு சொல் மாறாமல் என்னால் சொல்ல முடியும். எத்தனையோ வருஷம் அதை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

"பிள்ளைய பாத்தியா?"

"பாத்தேன்ப்பா."

"தேறாது போலிருக்கு. மூச்சு இழுக்குது பாரு. நாளைக்குக் காலையில சாமியார் வர்ற வரைக்கும் தாங்குமான்னு தெரியல. ஞானஸ்நானம் இல்லாம போயிட்டா மோட்சம் பாக்காது. பாவம்."

நான் பயந்துவிட்டேன். அப்பா கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஆபத்து நேரத்துல யாரு வேணாலும் ஞானஸ்நானம் குடுக்கலாம்னு ஞானோபதேச வகுப்புல படிச்சீங்கல்ல? எப்படின்னு ஞாபகம் இருக்கா? சொல்லு பாப்போம்."

எனக்குத் தெரியும். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த கன்னியாஸ்திரி ஒரு தேங்காயை மடியில் வைத்து, ஒவ்வொருத்தியையும் அதற்கு ஞானஸ்நானம் கொடுக்கவைத்துப் பழக்கியிருந்தார். நான் சொன்னேன். "நான் உன்னைப் பிதாவினுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்து சாந்துவினுடையவும் நாமத்தினாலே கழுவுகிறேன்." நடுவில் ஓரிடத்தில் தடுக்கியது. அப்பா திருத்தினார். "நிறுத்தாம சொல்லணும். தண்ணி தலையில ஓடுறப்பவே சொல்லணும். முந்தியும் கூடாது, பிந்தியும் கூடாது." இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். "கெட்டிக்காரி" என்றார். பிறகு, "நான் சொன்னேன்னு யாருகிட்டேயும் சொல்லாத. உங்கம்மாவும் சித்தியும் பயந்துருவாங்க" என்றார்.

செய் என்று அவர் சொல்லவே இல்லை. அதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

வீட்டுக்குள் வந்ததும் அப்பாவுக்கு எங்கிருந்தோ கரிசனம் பிறந்துவிட்டது. "அக்கா தங்கச்சி பாத்து ரெண்டு வருசமாச்சு, போய் ஓடையில நிதானமா குளிச்சுட்டு வாங்க. பிள்ளைய இவ பாத்துக்குவா" என்றார். சித்தப்பாவையும் சின்ன மாமாவையும் புகைக்கூண்டைக் காட்டச் சொல்லி அழைத்துக்கொண்டு போய்விட்டார். வீட்டில் நானும் பிள்ளையும் மட்டும். கொர் கொர் என்று மூச்சு. நடுவில் ஒருமுறை சத்தம் நின்றது. இரண்டு நொடி இருக்கும். ஒரு மங்குக் கிண்ணத்தில் கிணற்றுத் தண்ணீரை எடுத்து, பிள்ளையின் தலைக்குக் கீழே என் பாவாடையை மடித்து வைத்து, ஊற்றினேன், சொன்னேன். ஒரு பெயரும் வைக்க வேண்டுமே, சுவரில் மாட்டியிருந்த படத்தில் இருந்த அர்ச்சியசிஷ்டவரின், அந்தப் புனிதரின், பெயரையே வைத்தேன். தண்ணீர் சில்லென்று பட்டதும் பிள்ளை பெரிதாகத் தும்மியது. அடைப்பு விட்டுப்போய் நன்றாக மூச்சு விட ஆரம்பித்தது. நான் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் முழுக்க அந்தச் சந்தோஷத்தை ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரெஞ்சுச் சாமியார் சைக்கிளில் வந்தார். தோட்டத்துக் கோவில் என்றால் நாலு சுவரும் தகரக் கூரையும்தான். லயமே திரண்டு வந்திருந்தது. சித்தப்பா யாரிடமோ இரவல் வாங்கிய சட்டை போட்டு, தலையைப் படிய வாரி நின்றார். சட்டையின் கை மணிக்கட்டு வரை எட்டவில்லை. பெரிய கிராணிகூட வேடிக்கை பார்க்க வந்து வாசலில் நின்றார். தன் பட்டியல் யார் கையில் வந்து சேரப்போகிறது என்று அவருக்கும் தெரியும். சித்தி முக்காட்டுத் துணிச் சட்டை போட்ட பிள்ளையை அப்பாவின் கையில் கொடுக்கப் போனாள்.

அப்பா கையை நீட்டவில்லை. சாமியாரைப் பார்த்து, "சாமி, வழக்கமா கேக்குற கேள்விய கேட்டுருங்க" என்றார்.

சாமியார் ஏட்டுத் தமிழில் பேசுகிறவர். "இந்தப் பிள்ளைக்கு முன்னமே யாராகிலும் தண்ணீர் ஊற்றினதுண்டோ?" என்றார்.

"இல்ல சாமி" என்றாள் சித்தி.

அப்பா என்னைப் பார்த்தார். "சாமி கேக்குறாருல்லம்மா. கோவில்ல பொய் சொல்லக் கூடாது."

நான் முன்னால் போய்ச் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். சாமியார் குனிந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்தத் தண்ணீர்? கிணற்றுத் தண்ணீர். தலையிலே ஓடினதா? ஓடியது. வார்த்தை சொல். சொன்னேன், தடுக்காமல். அவர் நிமிர்ந்து, "பிசகில்லை. பிள்ளை ஞானஸ்நானம் பெற்றாயிற்று. ஒருமுறை கொடுத்ததை மறுமுறை கொடுக்கத் திருச்சபையில் இடமில்லை. எண்ணெய் பூசுகிற சடங்கும் உப்பு வைக்கிற சடங்கும்தான் பாக்கி" என்றார்.

"அப்ப ஞானத்தகப்பன், சாமி?" என்றாள் அம்மா. அவள் குரல் எனக்கு அந்நியமாகக் கேட்டது.

"ஞானஸ்நான வேளையிலே ஒருவரும் நிற்கவில்லையே. அந்த உறவு இனி உண்டாகாது. அவர் பிரியப்பட்டால் சடங்குக்குப் பக்கத்திலே நிற்கலாம்."

அப்பா தொண்டையைச் செருமினார். "உறவு இல்லாததுக்கு எதுக்கு சாமி நிக்கணும். நிக்காததை நின்னேன்னு சொல்லிக்க என் மனசாட்சி ஒத்துக்காது." எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். வாசலில் பெரிய கிராணி சிரித்தது எனக்குத் தெரிந்தது.

சாமியார் என் பக்கம் திரும்பி இன்னொன்று கேட்டார். "பிள்ளை சாகக்கிடக்கிறதென்று உனக்கு யார் சொன்னது?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா தன் கைப்பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். யாரிடமும் சொல்லாதே என்று சொல்லியிருந்தாரே. "நானாத்தான் நெனச்சேன் சாமி" என்றேன். கோவிலில் நின்று சாமியாரிடம் நான் சொன்ன பொய் அது.

சடங்குக்குச் சின்ன மாமாதான் மெழுகுவத்தி பிடித்து நின்றார். அம்மா கொண்டுவந்த மெழுகுவத்தி. மிச்சத் துண்டை யார் எடுத்துப்போனார்களோ, பிறகு யாரும் அதைக் கேட்கவில்லை. பிள்ளை நாக்கில் உப்பு வைத்தபோது அது முகத்தைச் சுளித்தது. வேறு நாளாக இருந்தால் எல்லாரும் சிரித்திருப்பார்கள். வெளியே வந்ததும் சித்தி என் தலைமுடியைப் பிடித்து இழுத்து இரண்டு அறை அறைந்தாள். "குடிகெடுத்த சிறுக்கி. என் தாலிய அறுத்துட்டியேடி. உன் கை விளங்காமப் போகட்டும்" என்றாள். லயமே பார்த்துக்கொண்டு நின்றது. அம்மா வந்து விலக்கவில்லை. அவள் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்களுக்காகச் சித்தப்பா ஒரு தலையணை உறைக்குள் அரிசியைக் கொட்டி, மேலே பஞ்சு வைத்துத் தைத்திருந்தார். வழியில் சோதனை போட்டால் தெரியாமல் இருக்க. லோரி திரும்பி வந்து நின்றதும் அவரே அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"வேண்டாம்ப்பா" என்றாள் அம்மா.

"எடுத்துக்கிட்டுப் போங்கக்கா. தாரேன்னு சொன்னது சொன்னதுதான்." பிறகு அப்பாவைப் பார்த்து, "உங்க மனசாட்சிக்கு அரிசி ஒத்துக்கும்லண்ணே?" என்றார்.

அப்பா தலையணையை வாங்கி, முன் இருக்கையில் தன் முதுகுக்கு அண்டை கொடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஈப்போ வரைக்கும் அதில் சாய்ந்தபடியே வந்தார். கோலகங்சார் பாலத்தில் சிப்பாய் அவரைப் பார்த்ததும் கையசைத்து விட்டுவிட்டான்.

அந்த அரிசி எங்கள் வீட்டில் மூன்று வாரத்துக்கு மேல் வந்தது. அம்மா ஒரு பருக்கை தொடவில்லை, கிழங்கைத் தின்றாள். நான் சோறுதான் தின்றேன். நன்றாகவே இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நானும் அப்பா மாதிரி ஆகிவிடுவேன்.

அடுத்த மாதம் சித்தப்பாவைக் கொண்டுபோனார்கள். ரயில் ஈப்போ வழியாகப் போகும் என்று யாரோ சொல்ல, அம்மா அவித்த கிழங்கைத் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தே போனாள். கிட்டே விடவில்லை. பெட்டிகளின் கதவு அடைத்திருந்தது என்று மட்டும் சொன்னாள். சண்டை முடிந்து சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார்கள். சித்தப்பா வரவில்லை. எங்கே, எப்படிப் போனார் என்று சொல்லக்கூட ஒரு ஆள் வரவில்லை. சண்டை முடிந்த அடுத்த வருஷமே அம்மாவும் இறந்துபோனாள்.

அதற்குப் பிறகு கல்யாணம், சாவு என்று எங்கே பார்த்தாலும் சித்தி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "இவ பண்ண வேலையாலதான் என் புருஷன் போனாரு" என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் என் காதுபடச் சொல்வாள். நானும் நம்பினேன். ஒவ்வொரு பெரிய வியாழனுக்கு முன்னாலும் பாவசங்கீர்த்தனத்தில் போய் அந்தப் பொய்யையும் அந்தத் தண்ணீரையும் சேர்த்துத்தான் சொல்வேன். ஒரு சாமியார் சலித்துப்போய், "மன்னிச்சாச்சும்மா, வேற பாவம் இருந்தா சொல்லு" என்றார்.

எனக்குக் கல்யாணமாகி முதல் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று எங்கள் வீட்டில் விருந்து. அப்பா நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். என் மாமியார் வீட்டார் ஞானஸ்நானத்தைப் பற்றி ஏதோ கேட்க, அவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. இலையில் விரலால் கோலம் போட்டுக்கொண்டே கதை சொன்னார்.

"என் மக பதினோரு வயசுலேயே ஒரு பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்தவ, தெரியும்லா? கிணத்தடியில நிக்கவெச்சு நான்தான் பாடம் கேட்டேன். இவ அம்மா என்னை வசமா மாட்டிவிடப் பாத்தா. மாட்டேன்னு சொன்னா விடுவாளா? சளி புடிச்ச பிள்ளைய சாகப்போகுதுன்னு சொன்னேன், இவ நம்பிட்டா. சாமியாரே ஒண்ணும் செய்ய முடியல."

எல்லாரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். நான் ரசம் பாத்திரத்தோடு நின்றுகொண்டிருந்தேன்.

"அந்தப் பேரை எடுக்க உங்களால முடிஞ்சிருக்குமாப்பா?" என்று கேட்டேன்.

"ஒரு கோடு போட்டா போதும். அத்தனை பேர்ல ஒண்ணு குறைஞ்சா எவன் எண்ணிப் பாக்கப் போறான்? ஆனா இன்னைக்கு இவனுக்குச் செஞ்சா நாளைக்கு வாசல்ல கூட்டம் நிக்கும்லா." இலையை என் பக்கம் நகர்த்தினார். "ரசம் ஊத்து."

ஊற்றினேன். அவரோடு நான் பேசிய கடைசிப் பேச்சு அது. அதன் பிறகு அவர் வெகுகாலம் இருந்தார், நானும் அதே ஊரில்தான் இருந்தேன். மகள் ஏன் பேசுவதில்லை என்று உங்களில் சிலர் எனக்குப் புத்தி சொல்ல வந்தீர்கள். காபி கொடுத்து அனுப்பினேன்.

அடுத்த வாரமே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிச் சித்தியிடம் போனேன். அதே தோட்டம், அதே லயம். வெட்டு முடிந்து வந்து, விரலில் ஒட்டியிருந்த பாலை உரித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கிணற்றடியில் நடந்ததிலிருந்து ரசம் ஊற்றியது வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது நான் அழுதுகொண்டிருந்தேன். அவள் அழவில்லை. விரலிலிருந்து வந்த பாலை உருட்டிக் கீழே போட்டாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்டி" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"சாமியார் கேட்டப்ப நீ உங்கப்பன் மூஞ்சியப் பாத்தியே. அப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா என்னை அடிச்சீங்க? தெரிஞ்சுமா ஊரெல்லாம் என்னைச் சொன்னீங்க?"

"உங்கப்பனைத் திட்டியிருந்தா அடுத்த லிஸ்டுல உன் சின்ன மாமன் பேரு ஏறியிருக்கும். அவனுக்கு அப்பப் பதினெட்டு வயசு. யாரையாவது திட்டாம என்னால இருக்க முடியல. உன்னைத் திட்டுனா எந்த லிஸ்டுலயும் யாரு பேரும் ஏறாது."

அதை என்னால் புரிந்துகொள்ள முடிந்தது. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேனோ என்னவோ. ஆனால் இன்னொன்றையும் கேட்காமல் என்னால் எழுந்திருக்க முடியவில்லை.

"சரி சித்தி. ஜப்பான்காரன் போயிட்டான். லிஸ்டும் போயிருச்சு. அதுக்கப்புறமும் எதுக்கு இத்தனை வருசம் என்னையே சொல்லிக்கிட்டு இருந்தீங்க?"

சித்தி யோசித்தாள். உண்மையான பதிலைத்தான் தேடினாள் என்று அவள் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

"பழகிருச்சு" என்றாள்.

நான் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சடக்குக்கு நடந்தேன்.